மகள் இருக்கும் இடம்

பிளம்பர் ஒருவன் தான் மாட்டிய குழாயைத் தானே தளர்த்தி வைத்துவிட்டு வருவானா? நம்ம ஆள் வந்தான். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் இடத்தில் வரிசையாகக் குழாய்கள். எல்லாவற்றுக்கும் வாஷர் மாற்றுவான், ஓரத்துக் குழாயை மட்டும் அரைத் திருகு விட்டுவைப்பான். அது ஒழுகும், கூப்பிடுவார்கள், பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பான்.

கள்ளத்தனம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஒரு பைசா கூலி வாங்கவில்லை. குட்டி போனபிறகு அவன் நிம்மதியாக மூச்சுவிட்ட இடம் அது ஒன்றுதான். நாலு வயது மகள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். அன்றிலிருந்து அவனும் மனைவியும் ஒரே வீட்டில் இரண்டு நடைப்பிணங்கள். குழாயடியில் குந்தியிருக்கும்போது, உள்ளே எல்லோரும் ஒன்றாக நெற்றியைத் தரையில் வைப்பது தெரியும். தானும் அப்படி விழுந்துவிட மாட்டோமா என்று இருக்கும் அவனுக்கு.

இமாம் விவரமானவர். "உங்க கைராசி அப்படி. சரிபண்ணப் பண்ண ஒழுகுது," என்று சிரித்தார். "விஷயத்தைச் சொல்லுங்க தம்பி."

கொட்டித் தீர்த்தான். இஸ்லாத்தில் சேர்ந்தால் பேரை மாற்ற வேண்டுமா, புரியாத பாஷையில் தொழுதால் கடவுள் காதில் விழுமா, நேற்றுவரை கும்பிட்ட சாமிகள் கோபித்துக்கொள்ளுமா? அதெல்லாம் சும்மா சுற்றிவளைப்பு. கேட்க வந்தது வேறு.

"என் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"சின்ன வயசுல போன குழந்தைங்க சொர்க்கத்துலதான் இருக்காங்கன்னு நாங்க நம்புறோம்."

"நாங்க வேற சாமி கும்பிடுறவங்களாச்சே."

"குழந்தைக்கு ஏது தம்பி பாவம்?"

ஐயோ, அந்த மனுஷன் அழுத அழுகை! தான் சேர்ந்து ஒழுங்காக இருந்தால் அவளைப் பார்க்கலாமா என்றான். இறைவன் நாடினால் பார்க்கலாம் என்றார் இமாம். மனைவி சேராவிட்டால்? இமாமின் சிரிப்பு நின்றது.

"அது இறைவனோட தீர்ப்பு. நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். மனசுல இல்லாம, நம்புறேன்னு வாயால சொல்லக் கூடாது. நீங்களும் சரி, அவங்களும் சரி. வீட்டுல பேசிட்டு வாங்க."

மனைவி தையல் கம்பெனியிலிருந்து வந்து, உடைகூட மாற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எந்தச் சாமியோடும் அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. படங்களையெல்லாம் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், இமாமின் சிரிப்பு நின்ற இடத்தை மட்டும் மென்று விழுங்கினான்.

"நெசமாவா?" அவள் முகத்தில் எத்தனையோ நாள் கழித்து உயிர் வந்தது. "அங்க இருட்டா இருக்காதுல்ல?"

"இருக்காது."

"யாராச்சும் பாத்துக்குவாங்களா?"

"பாத்துக்குவாங்களாம்."

"அப்ப நானும் ஒரு நாள் பாக்கலாமா?"

"நீயும் நம்பி வந்தா..."

அவள் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். பாவம், உண்மையாகவே நம்ப முயன்று பார்த்தாள். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினாள். "வரலைங்க. ஆஸ்பத்திரியில நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னப்பதான் அவ போனா. அதுக்கப்புறம் உள்ள ஒண்ணுமே இல்ல. சும்மா வாயால சொன்னா ஏத்துக்குவாங்களா?"

ஏற்றுக்கொள்வார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "மனசுல இல்லாம சொல்லக் கூடாதாம்," என்றான்.

"புரியுது," என்றாள். "நீங்க போய் அவங்ககூட சேந்துக்குங்க."

"உன்ன விட்டுட்டா? நான் போகல."

"போகலைன்னா அவ தனியால்ல இருப்பா? நம்மள்ல ஒருத்தராவது அவகூட இருக்க வேணாமா?"

போனால் இவள் தனி, போகாவிட்டால் அவள் தனி. எந்தத் தகப்பனையும் இப்படி ஓர் இடுக்கில் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது. சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒன்றும் செய்யாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"என்னைத் தேடுவா," என்றாள் அவள்.

"தேடுவா."

"அம்மா வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க. சாயங்காலம் வந்துடுவான்னு சொல்லுங்க. நம்பிடுவா."