பழுதான கண்

செத்த வீட்டுக்கு எப்படி வரவேண்டும் என்பதுகூட இந்தக் காலத்து ஆட்களுக்கு மறந்துபோய்விட்டது. முதலில் போன் வருகிறது, அதற்குப் பின்னால்தான் ஆள் வருகிறான். கட்டிலில் கிடப்பவரைப் பார்க்குமுன் சுவரில் சார்ஜ் போட எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்கிறான். மரியமலரின் தம்பி தேவராஜா ஆஸ்பத்திரி அறைக்குள் அப்படித்தான் வந்தான். அக்காவின் தலைமாட்டில் போனைச் செருகிவிட்டு, பிறகுதான் "ஐயோ அக்கா" என்றான்.

பொனிபஸ் பார்த்துக்கொண்டுதான் நின்றார். திட்ட வாய் வந்தது. ஆனால் வலது கை மனைவியின் கண்களின் மேல் இருந்தது. காலையில் மூச்சு நின்றபோது மரியமலரின் கண்கள் பாதி திறந்தபடியே நின்றுவிட்டன. தாதி மூட வந்தாள். அவர் விடவில்லை. தாலி கட்டினவன் இருக்கும்போது வேறு கை எதற்கு? இமை படியும்வரை உள்ளங்கையை அழுத்தாமல் வைத்திருந்தார். இப்போது மெல்ல எடுத்துப் பார்த்தார். படிந்துவிட்டது. நித்திரை கொள்கிறாள் என்று சொல்லலாம்.

மகள் ஜெனோஜா வெளியே நின்று யாருடனோ ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவள் தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அப்பா, கண் வங்கியில இருந்து போன் எடுக்கினம். அம்மா முதலே சம்மதம் சொல்லி வைச்சவா. எண்டாலும் நீங்கள் ஓம் எண்டு சொல்லாமத் தொட மாட்டினமாம். லைன்ல நிக்கிறா."

"என்னத்தைத் தொடுறது?"

"கண்ணை அப்பா. ரெண்டையும். ஆராய்ச்சிக்கு."

பொனிபஸ் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் இன்னும் அந்தச் சூடு இருந்தது.

"நான் இப்பதானே மூடினனான்" என்றார்.

மரியமலருக்குக் கண்ணின் உட்திரையில் நடுப்பகுதி பழுதாகிக்கொண்டு வந்தது. வயதுபோனவர்களுக்கு வருகிற வியாதி என்றார்கள். உள்ளுக்குள் புதிதாகச் சின்ன நரம்புகள் முளைத்து இரத்தம் கசியுமாம். அதை நிறுத்த மாதாமாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி. பொனிபஸ் முதல் தடவை கூடப் போனவர். இமை மூடாதபடி கம்பியால் கவ்வி வைத்து, விழியின் வெள்ளைக்குள் ஊசியை இறக்கினார்கள். இருபது வருடம் கோழித் தொழிற்சாலையில் கழுத்து வெட்டினவர் அவர். அன்றைக்கு அறைக்கு வெளியே நடையில் நின்று குப்பைத் தொட்டியைக் கட்டிப்பிடித்துச் சத்தியெடுத்தார். அதன் பிறகு மீன்தலை சாப்பிட்டாலும் மீன்கண்ணை ஒதுக்கி வைத்துவிடுவார்.

பிறகு ஒரு டொக்டர் புதுக்கதை ஒன்று கொண்டுவந்தார். ஒரே ஒரு ஊசி. அது உள்ளே போனால் கண் தனக்கு வேண்டிய மருந்தைத் தானே சுரந்துகொள்ளுமாம். இன்னும் கடைக்கு வராத மருந்து. பரீட்சித்துப் பார்க்க ஆட்கள் தேவை. மரியமலர் ஓம் என்றுவிட்டு வந்து நின்றாள். வலக்கண்ணில் புதுசு, இடக்கண்ணில் பழசு.

"இவ்வளவு வெள்ளைக்காரக் கிழவியள் இருக்க உன்னை ஏன் பிடிச்சவங்கள்?" என்று கேட்டார் பொனிபஸ்.

"அவையளும்தான் வருகினம். வந்து ஆஸ்பத்திரிக் கதிரையில இருந்து பாருங்கோ, நல்ல வடிவான கிழவியளும் இருக்கினம்."

"கண் சுரக்குமாம் மருந்தை! மாட்டுக்கே மடியிலதான் சுரக்கும்."

குசினியில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். சின்னச் சின்னக் கட்டமாகக் கோடுகள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒவ்வொரு காலையும் தேத்தண்ணிக்கு முதல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் புள்ளியைப் பார்ப்பாள். பிறகு கண்ணை மாற்றுவாள். கோடு நேராக நின்றால் கண் சுகம். நெளிந்தால் உடனே டொக்டருக்குப் போன் அடிக்க வேண்டும். "நீங்களும் ஒருக்காப் பாருங்கோவன்" என்பாள். "எனக்கென்ன கேடு? விளையாட உனக்குத்தான் நேரம் கிடக்கு" என்று அவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

இப்போது ஜெனோஜா போனை நீட்டினாள். அதற்குள் தேவராஜா இடையில் புகுந்தான்.

"அத்தான், இது சரிவராது. கடைசி நாளில உயிர்த்து எழும்பேக்க அக்கா என்னெண்டு ஆண்டவரைப் பாக்கிறது?"

அவன் கோயில் கமிட்டியில் இருக்கிறவன். வருடம் ஒரு தரம் பெருநாளுக்குக் கொடி பிடிப்பான். மிச்ச நாளெல்லாம் வீடு வாங்கி விற்கிற கதை.

"மாமா, எலும்பும் உக்கித்தானே போகும்? அதை எழுப்பிறவருக்குக் கண்ணைக் குடுக்கத் தெரியாதோ?" என்றாள் ஜெனோஜா.

"உனக்குத் தெரியாது பிள்ளை. லைவ்ல மன்னார் முழுக்கப் பாக்கும். ரொறன்ரோவில சித்தப்பா வீட்டுக்காரர் பாப்பினம். பெட்டியைத் திறந்து வைக்கேக்க கண் குழியா இருந்தா ஆர் பதில் சொல்றது?"

"குழியா இராது. உள்ளுக்கு மூடி மாதிரி ஒண்டு வைப்பினம். ஒரு வித்தியாசமும் தெரியாதாம்."

தேவராஜாவின் மனைவி யோகா இதுவரை மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பிடித் தெரிஞ்சாலும் ஒரு கூலிங் கிளாஸ் போட்டுவிடலாம். என்ர பாக்கில ஒண்டு கிடக்கு, நல்ல சாமான்" என்றாள்.

மகள் கேட்ட உடனேயே பொனிபஸ் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார். உயிரோடு இருக்கும்போது குத்தினது போதும், செத்த பிறகும் தோண்டுகிறதா என்பதுதான் அவர் எண்ணம். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். தேவராஜா முந்திக்கொண்டான்.

"அதுவும் அத்தான், நல்ல கண் எண்டாலும் பறவாயில்லை. பழுதான கண். ஆருக்கு உதவப்போகுது? பாத்துப்போட்டுக் குப்பையிலதான் எறிவாங்கள்."

பக்கத்து அறையில் யாருக்கோ சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"பழுதோ?" என்றார் பொனிபஸ்.

"நான் சொன்னது..."

"டேய், போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் திண்ட மீனுக்கு முள்ளெடுத்துத் தந்தது ஆரடா? உன்ர பெண்சாதியோ?"

அது மரியமலர். தட்டின் ஓரத்தில் முள்ளை ஒவ்வொன்றாக வரிசையாய் வைத்திருந்தாள். மயிர் மாதிரி முள். அவரே கண்டிருக்கமாட்டார். 'உங்களுக்கு இப்ப முள்ளுத் தெரியிறேல்லை, தொண்டையில குத்தினா நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுக்கவேணும்' என்று ஏசிக்கொண்டு எடுத்தாள். ஊசியால் வந்த பார்வை என்பதை அவர் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அது அவளுக்கு இருந்த பார்வை. அவ்வளவுதான்.

போனை மகளின் கையிலிருந்து வாங்கினார். மறுபக்கத்தில் ஒரு பெண் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. காத்திருக்கவும் இல்லை.

"யெஸ்" என்றார். "ரேக். ரேக் தெம்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். ஜெனோஜா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாத. நான் நம்பிக் குடுக்கேல்லை. இவன்ர வாயைக் கேட்டுத்தான் குடுத்தனான்."

வெளியே போகும்போது தேவராஜாவின் போனைச் சுவரிலிருந்து பிடுங்கி அவன் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

*

உடலை மலர்ச்சாலையில் பார்வைக்கு வைத்த அன்று சனம் நிறையவே வந்தது. செபமாலை சொல்லி முடிய முன்னமே பின்வரிசையில் இறைச்சி வைத்துப் பொரித்த றோல்ஸ் மணத்தது. பெட்டிக்கு நேரே மூன்று கால் வைத்து ஒரு கமரா. தேவராஜா அதற்குப் பக்கத்தில் நின்று, "நேர எடுக்காத, கொஞ்சம் சைட்டால எடு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

செய்தி பரவியிருந்தது. பொனிபஸ் பெட்டியின் கால்மாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் முதலில் மரியமலரின் கண்ணைத்தான் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். பிறகு திரும்பவும் கண்ணை. கும்பிடுகிற கைக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மீன் வாங்க வந்த சனம் மாதிரி.

அவர் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்க்க முயன்றார். முகத்தின் நடு மங்கலாகக் கிடந்தது. மலர்ச்சாலைக்காரன் மலிவு விளக்குப் போட்டிருக்கிறான் என்று விட்டுவிட்டார். பெட்டியின் விளிம்புதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"பிள்ளை, இஞ்ச வா. இந்தப் பெட்டி கோணல். நடுவில நெளிஞ்சு நிக்குது. அவனைக் கூப்பிட்டுச் சொல்லு."

ஜெனோஜா குனிந்து விளிம்போடு கையை ஓட்டிப் பார்த்தாள். "நேராத்தானே இருக்கு, அப்பா."

"அப்ப உனக்கும் கண் தெரியேல்லை. எல்லாம் ஏமாத்து."

அப்போது யோகா வந்தாள். கைலேஞ்சியை எடுத்து மச்சாளின் நெற்றியைத் துடைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. பிறகு துணிக்குள் இருந்த பெருவிரல் மெல்ல இடது இமையின் மேல் போய் நின்று, ஒரு அழுத்து அழுத்தியது.

"என்ன யோகா, மாம்பழம் அமத்திப் பாக்கிறியோ?"

முன்வரிசை முழுக்கத் திரும்பியது. யோகா கையை இழுத்துக்கொண்டாள். "இல்லை அண்ணை, தூசி ஒண்டு..."

"பழுத்திட்டுதோ? ஒரு கிலோ கட்டித் தரட்டோ?"

"அத்தான், லைவ் போகுது" என்றான் தேவராஜா.

"போகட்டும். ரொறன்ரோக்காரனும் கேக்கட்டும். கண் இல்லை. குடுத்திட்டன். இனி எல்லாரும் போய் றோல்ஸ் தின்னுங்கோ."

எழும்பிப் போய், இமை கசங்கியிருக்கிறதா என்று பார்க்காமலே, உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். குளிர்ந்திருந்தது. உள்ளே மூடி இருந்ததோ என்னவோ, கைக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. பூசை தொடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

*

றூக்வூட் சவக்காலையில் அடக்கம் முடிந்து, வீட்டுக்கு வந்த சனமும் கலைந்த பிறகு குசினியெல்லாம் அலுமினியத் தட்டுகள். யாரோ தின்று பாதியில் வைத்த இறைச்சி, எண்ணெய் உறைந்த நூடில்ஸ். ஜெனோஜா தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டொக்டர் ஈமெயில் போட்டிருக்கிறார் அப்பா. அம்மான்ர வலக்கண்ணில அந்த மருந்து இன்னும் சுரந்துகொண்டு இருந்ததோ எண்டு பாப்பினமாம். நல்லா நன்றி சொல்லியிருக்கிறார்."

"சொல்லுவாங்கள். ஓசியில கிடைச்சா நானும் சொல்லுவன்."

தண்ணீர்ப் போத்தல் எடுக்க ஃபிரிட்ஜிற்கு முன்னால் போனார். தாள் அங்கேதான் இருந்தது. கதவைத் திறக்கப்போன கை நின்றது. இரண்டு கண்ணாலும் பார்த்தார்; நடுவில் கொஞ்சம் மங்கல், மற்றக் கோடெல்லாம் கோடாகத்தான் தெரிந்தது. என்னத்தைத்தான் பார்த்தாளோ ஒவ்வொரு காலையும். வலது உள்ளங்கையைத் தூக்கி வலக்கண்ணின் மேல் வைத்தார். அழுத்தாமல். இடக்கண்ணால் புள்ளியைப் பார்த்தார்.

புள்ளியைச் சுற்றிக் கோடுகள் உள்ளே இழுபட்டுக் கிடந்தன. வலையில் மீன் முட்டின இடம் மாதிரி.

இடது கையால் தாளைத் தடவி நேராக்கினார். நேராகவில்லை. நகத்தால் மூலையை அமத்தினார். அப்போதும் இல்லை.

"என்ன அப்பா?"

"தாள் நனைஞ்சு சுருண்டுபோச்சு. கழட்டி எறி."

ஜெனோஜா ஈரக் கையோடு திரும்பிப் பார்த்தாள். "அது பிளாஸ்ரிக் போட்டு ஒட்டினதப்பா. நனையாது."

அவர் உள்ளங்கையைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"அப்ப கோடு போட்டவன் ஒழுங்காப் போடேல்லை."

குழாய் நின்றது. "எந்தக் கோடு?" என்றாள் அவள், மெதுவாக. "அப்பா, இஞ்ச பாருங்கோ. எந்தக் கண்?"

போத்தலை எடுக்காமலே பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். வெயில் இன்னும் இருந்தது. முற்றத்தின் முடிவில் வேலிப் பலகைகள் நடுவில் நெளிந்து நின்றன. அயல்வீட்டான் மலிவாக அடித்த வேலி, முதலே சொன்னவர்தான். பின்னால் மகள் கூப்பிட்டாள். அவர் வேலியோரமாக நடந்துகொண்டே இருந்தார்.