அக்காவுக்குக் கட்டிய பல்

ஊரில் யார் வந்து வாயைத் திறந்தாலும் மூன்றே நாளில் பல்செட் கட்டிக் கொடுத்துவிடுகிற பல்செட்காரருக்கு, சொந்த அக்காவுக்குக் கட்ட நான்கு வருடம் போதவில்லை.

சோம்பேறி என்று அவரைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். அக்காவின் பல்லுக்காக மனிதர் ராப்பகலாக உழைத்தார். கடையில் இருந்த பதினாறு வெள்ளை நிறங்களும் அக்காவுக்குப் பொருந்தாது என்று பதினேழாவதாக ஒன்றைக் கலந்து கண்டுபிடித்தார். செட்டை வைக்க ஒரு பெட்டி செய்து உள்ளே வெல்வெட் ஒட்டினார். பெட்டியை வைக்க ஓர் அலமாரி வேண்டியிருந்தது. அலமாரியை வைக்கக் கடையில் இடமில்லாததால் பின்சுவரை இடித்து ஓர் அறை கட்டினார். அறைக்கு இரண்டு முறை வெள்ளையடித்து, மின்விசிறியும் மாட்டினார். எல்லாம் தயார். பல்தான் இல்லை.

அக்கா அதற்காக வேறு எங்கும் போகவில்லை. “தம்பி இருக்கறப்போ நான் எதுக்கு இன்னொருத்தர்கிட்ட வாயைத் திறக்கணும்?” என்பாள். நான்கு வருடமாக அவள் இடது கை வாயை விட்டு இறங்கியதில்லை. பூட்டுவது, துவைப்பது, பணம் கொடுப்பது எல்லாம் வலது கைதான்.

அவள் வாயை அளவெடுத்து, மாவுக்கட்டு மாவில் செய்த அச்சு, மேலும் கீழுமாக, கடை அலமாரியில் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் வருடம் அது பேச ஆரம்பித்தது. பல்செட்காரர் அதிசயப்படவில்லை. அக்காவின் வாய் அத்தனை நாள் சும்மா இருந்ததுதான் அவருக்கு அதிசயம். வருகிறவர்கள் ரேடியோ என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் மனைவி அதைத் தூசி தட்டும்போது, “என்ன அண்ணி, இன்னிக்கு என்ன சமைக்கட்டும்?” என்று கேட்பாள். “பல்லுக்கு வேலையில்லாததா ஏதாவது பண்ணு” என்று அச்சு சொல்லும். அக்காவின் ஈறு தேயத் தேய அச்சும் கூடவே தேய்ந்தது. அளவு மாறிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லக்கூட அது வழிவிடவில்லை.

வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஃப்ளைட்டுடா. பையன் வந்து கூட்டிட்டுப் போறான். இனிமே அங்கதான்.”

“இனிமேன்னா?”

“இனிமேன்னா இனிமேதான். மருமக என்னை நேர்ல பார்த்ததில்ல. நான் சிரிக்கவே மாட்டேன்னு நினைச்சிட்டிருக்காளாம். பல்லுக்கு ஒண்ணும் அவசரமில்லடா, உன் வேலையைப் பாரு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவசரமில்லை என்றதுதான் குத்தியது. போனை வைத்த கையோடு வேலையில் இறங்கினார். கத்திகளைத் தீட்டினார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். மூன்று நாளில் என்னென்ன செய்வது என்று அட்டவணை போட்டு, அதற்கு மூன்று நிறத்தில் கோடு கிழித்தார். சிவப்பு மை தீர்ந்துபோக, கடைக்கு ஓடினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி கத்திகளை எடுத்தபோது அச்சுக்குப் பொறுமை போயிற்று.

“டேய், கத்தியைக் கீழ வை.”

“தீட்டிட்டு ஆரம்பிக்கிறேன்க்கா.”

“தீட்டித் தீட்டி ஊசியாக்கிட்ட. உனக்கு என்னடா பயம்?”

“பயமா? எனக்கா?” என்றவர் முக்காலியில் உட்கார்ந்தார். “நீ சிரிக்கறது எனக்கு ஞாபகம் இருக்குக்கா. முன்பல்லு ரெண்டும் லேசா எட்டிப் பார்க்கும். தெருமுனைல நீ சிரிச்சா வீட்டுக்குள்ள கேக்கும். நான் கட்டிக் குடுத்து, அது யாரோ சிரிக்கிற மாதிரி ஆயிட்டா? கடைக்கு வர்றவங்க பல்லு போறதுக்கு முன்னாடி எப்படிச் சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. அதான் மூணு நாள்ல முடியுது.”

“அப்போ செய்யாத வரைக்கும் உன் கைல தப்பே இல்ல.”

“ஆமா.”

“எல்லாத் தப்பும் என் வாய்ல இருக்கு.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல, “இன்னொண்ணும் இருக்கு” என்றார்.

“தெரியும். என்னை உடைக்கணும்.”

அந்தத் தொழிலே அப்படித்தான். அச்சின்மேல் மெழுகு வைத்துப் பற்களை நட வேண்டும். அப்படியே இரும்புப் பெட்டியில் மாவு ஊற்றி மூடி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈறு நிறப் பிசினை அடைத்து வேகவைக்க வேண்டும். ஆறியதும் சுத்தியலால் மாவை உடைத்தால் செட் வெளியே வரும். அச்சு திரும்பி வராது.

“ஞாயித்துக்கிழமை அக்கா போறா. நாளைக்கே நீயும் போயிட்டா நான் யார்கிட்டக்கா பேசுவேன்?”

“மடையா, போன்னு ஒண்ணு இருக்கே. நாலு வருஷமா அவ உன்கிட்ட ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசினதுண்டா? பல்லில்லாம பேச்சு காத்தாப் போகுதுன்னு வெக்கம். கட்டிக் குடு, காது வலிக்கப் பேசுவா. இப்ப ஒரே ஒரு பல்லை எடு. கோணலா வை.”

“கோணலாவா?”

“வேணும்னே கோணலா வை. நல்லா வைக்கத்தானே உனக்குப் பயம்?”

வைத்தார். பார்க்கச் சகிக்கவில்லை. “தூ, கேவலம்!” என்று அச்சு சந்தோஷமாகச் சொன்னது. கோணல் பல்லைச் சும்மா விட அவர் கைக்குத் தெரியாது. அதைச் சரிசெய்யப் பக்கத்தில் ஒன்று வைத்தார். அதற்கு அணைவாக இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் இருபத்தெட்டும் மெழுகில் நின்றன. முதல் பல் மட்டும் கொஞ்சம் கோணலாகவே இருந்தது. அதைத் தொட்டால் மற்றதெல்லாம் கலையும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை இரும்புப் பெட்டியை மூடப் போனபோது அச்சு கேட்டது. “அந்த ரூமை என்னடா செய்யப் போற?”

“தெரியலக்கா.”

“வாடகைக்கு விடு.”

வெந்து ஆறியபின் சுத்தியலை ஓங்கினார். கை நின்றுவிட்டது. சுத்தியலின் பிடி லேசாக ஆடுவதுபோல் இருந்தது. முதலில் அதற்கு ஓர் ஆப்பு அடித்துவிட்டு என்று நினைத்து மரத்துண்டு தேடினார்.

பெட்டிக்குள்ளிருந்து அமுங்கிய குரல் வந்தது. “டேய்!”

கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். அதன்பின் கடையில் சத்தமே இல்லை. துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் வைக்கும்போது அவருக்கு அழுகை வந்தது.

வெல்வெட் பெட்டிக்குள் செட் நுழையவில்லை. கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்கு ஓடினார். கூடத்தில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. அக்கா திரும்பி நின்று செட்டை மாட்டினாள். கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தப் பல்லு கோணலா இருக்கேடா.”

அவர் கைக்குட்டையை மடித்தார், மறுபடி பிரித்தார்.

“இதுக்கா நாலு வருஷம்?” என்று கேட்டுவிட்டு அக்கா சிரித்தாள்.

அது பழைய சிரிப்பு இல்லை. ஓரத்தில் கொஞ்சம் விசில் கலந்திருந்தது. ஆனால் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் என்ன ஆயிற்றோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார். பழக்கத்தில் அக்காவின் இடது கை வாயைப் பொத்த மேலே கிளம்பியது. பாதியில் நின்றது. இனி தனக்கு என்ன வேலை என்று தெரியாமல் கொஞ்சம் தயங்கியது. பிறகு மடங்கி, தம்பியின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தது.

வருடத்துக்கு ஒன்று என்று நான்கு குட்டு. நான்காவதுக்கு அவரே தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.