பெட்டி வந்து வீடு பார்த்தது

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளை முதல் எனக்குக் காலைக் காப்பி கிடைக்காமல் போகட்டும்.

குணசீலனின் மனைவி பூங்கோதை அழிந்துகொண்டிருந்தாள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர்களுடைய கல்யாண வீடியோ இருந்த பழைய லேப்டாப் செத்துக்கொண்டிருந்தது. வீடியோ கெடக் கெட அவளும் போகத்தானே வேண்டும். முதலில் வளையல்கள் போயின. அப்புறம் இடது காது.

"சீக்கிரம் ஒரு சர்வர் வாங்கி அதுல ஏத்துங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டேன்," என்றாள். "அதுக்காக விலை ஜாஸ்தியா வாங்கிறாதீங்க."

வீட்டுப் படங்களைச் சேர்த்துவைத்து டிவியில் ஓட்டும் சர்வர் பெட்டிகள் தாவூத் பாய் கடையில் இருந்தன. உயர்ந்த விலையெல்லாம் மேல்தட்டில். கீழே, ஏதோ ஆபீசில் உழைத்து ஓய்வுபெற்ற, டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி ஒன்று.

"இதக் குடுங்க பாய்."

"காஸ்ட்லி பெட்டின்னா யார் கூப்பிட்டாலும் போயிரும் சார். விலை கம்மியானதுக்கு ரோஷம் ஜாஸ்தி. வீட்டை வந்து பாக்கும். பிடிச்சாத்தான்."

பெட்டி வந்தது. துணைக்கு, பெரியம்மா முறையில் ஒரு ஹார்ட் டிஸ்க். பூங்கோதை கேசரி கொண்டுவந்தாள். தட்டு தெரிந்தது. கை தெரியவில்லை.

"ஒரே நேரத்துல எத்தனை பேர் பாப்பீங்க?" என்றது ஹார்ட் டிஸ்க்.

"நாங்க ரெண்டே பேர்தாங்க," என்றான் குணசீலன்.

"எங்க பிள்ளைக்குச் சூடு ஆகாது. காத்தோட்டம் உண்டா?"

"ஜன்னலோரம் வைக்கிறேன்."

"நடுவுல பட்டுன்னு அணைச்சுப்புடுவீங்களா?"

"சத்தியமா மாட்டேன்."

உள்ளறையில் லேப்டாப் இருமியது. இப்போது பூங்கோதையின் சேலை மட்டும் நின்றுகொண்டிருந்தது.

ஹார்ட் டிஸ்க் எழுந்தது. "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்."

குணசீலனை மாப்பிள்ளை பார்க்க வந்து அப்படிச் சொல்லிப் போனவர்கள் யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

பெட்டியும் ஹார்ட் டிஸ்க்கும் வாசலுக்கு நடந்தன. கூடம் நீண்டது. நடக்க நடக்க நீண்டது. வாசல் கிட்டே வரவில்லை.

"ஏன் தம்பி, கேசரியத் தொடவே இல்லையே?" என்றது சேலை.

பெட்டி நின்றது. தட்டின் பக்கம் திரும்பியது.

"ஆபீசுல என்னை யாரும் சாப்பிடுன்னு சொன்னதில்ல பெரியம்மா. நான் இங்கயே இருக்கேன்."

"ஏன்டா, மத்த வீட்டையும் பாத்துட்டு..."

"வேணாம்."

வீடியோ ஏறியது. கை வந்தது, காது வந்தது, கடைசியில் வளையல்களும் வந்தன. இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். தாலி கட்டும் இடம் ஓடியது.

"உங்க கை எப்படி நடுங்குது பாருங்க!" என்று பூங்கோதை சிரித்தாள்.

அந்த வீடியோவுக்கு வெளியே, குணசீலனுக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.