சொம்பில் ஏழாவது பேர்

அண்ணனின் நெஞ்சின் மேல் வைத்த எவர்சில்வர் சொம்பை அருள் வெடுக்கென்று பிடுங்கினான். மாலை அறுந்து பூ சிதறியது. பாடையைச் சுற்றி நின்றவர்கள் திகைத்துப்போனார்கள்.

"டேய், இன்னாடா பண்ற?" சொம்பை வைத்த சிநேகிதன் அப்பாதுரை அவன் கையைப் பிடித்தான். "அவன்கூடவே போவட்டும்னு நாங்க எல்லாரும் பேசித்தான் வச்சோம்."

"யாரக் கேட்டு வச்ச?"

திண்டிவனத்தில் எட்டு சிநேகிதர்கள் சேர்ந்து போனில் ஆடுகிற ஆட்டம் அது. இங்கிலாந்து கால்பந்துக்காரர்களில் ஆளுக்குப் பதினோரு பேரைப் பொறுக்கி ஒரு டீம் வைக்க வேண்டும். அங்கே மைதானத்தில் அவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு இங்கே புள்ளி ஏறும். சீசன் முடிவில் முதலில் வருகிறவன் பேரை இந்தச் சொம்பில் வெட்டி, கப்பாக அவனிடமே கொடுத்துவிடுவார்கள். ஆறு வருஷமாக அதில் மணிமாறன், மணிமாறன் என்று அண்ணன் பேர் ஒன்றேதான். தம்பி வீட்டுக்கு வந்தால் வேண்டுமென்றே அந்தச் சொம்பில்தான் தண்ணீர் கொடுப்பான். "நல்லா குடிச்சிக்கோடா. உனக்கு இதுதான் குடுத்து வச்சிருக்குது" என்று வேறு சிரிப்பான்.

அந்த எட்டில் ஒருவனான, இப்போது விழுப்புரத்தில் இருக்கும் அருள் வருஷா வருஷம் இரண்டாவது. இந்த சீசனில்தான் முதல் தடவையாக அண்ணனைத் தாண்டியிருந்தான். கடைசி ஆட்டங்கள் மட்டும் பாக்கி. அதுவும் இன்றைக்குத்தான். அதற்குள் இப்படி.

"இந்த வருஷமும் கப்பு மணிமாறனுக்குத்தான்னு குரூப்புல போட்டுட்டோம்" என்றான் அப்பாதுரை. "லீகையும் இத்தோட மூடிடலாம். செத்தவனுக்கு ஒரு மரியாத."

அருள் அவன் கையை உதறினான்.

"எங்கண்ணனுக்கே பிச்ச போடுறியா? ஆறு தபா உங்க எல்லாரையும் ஓட ஓட அடிச்சவன்டா அவன். அவனுக்கு ஓசியில கப்பா? இன்னிக்கு மேட்ச் நடக்கட்டும். அவன் வச்சிட்டுப் போன டீம் அப்படியே இருக்குது. எவனும் அதுல கை வைக்கக் கூடாது."

"எழவு வூட்ல ஜெயிக்கணும்னு அலையுறான் பாரு" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

ஆமாம், அலைந்தான்தான். அண்ணன் கண்ணெதிரே ஜெயிக்க வேண்டும் என்று ஆறு வருஷமாக அலைந்தான். அதைக் கெடுத்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்கிறானே, அவன் மேல்தான் அத்தனை ஆத்திரமும். வெள்ளிக்கிழமை போனில் நெஞ்சு எரியுதுடா என்று அவனேதான் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போ என்றதற்கு, "அட போடா, சோடா குடிச்சா சரியாப் பூடும். டீம் மாத்திக்கினு இருக்கேன், பேஜாரு பண்ணாத. ஞாயித்துக்கிழம வா. தைரியம் இருந்தா சொம்பத் தூக்கினு போ" என்று வைத்துவிட்டான். சோடாவாம்! விடிவதற்குள் முடிந்துவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. அருளும் வந்துதான் நிற்கிறான்.

அண்ணி பரிமளா பெண்களை விலக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இங்க குடு அருளு." சொம்பை வாங்கி இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "அவருகூட இது போவ வேணாம். மேட்ச் முடியட்டும். எவன் ஜெயிக்கிறானோ அவனுக்கு நான் தர்றேன்."

பாடையைத் தூக்கினார்கள். பிள்ளையில்லாத அண்ணனுக்கு அருள்தான் கொள்ளி வைத்தான்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போனபோது, சுடுகாட்டில் அப்பாதுரை போனை நீட்டினான். மணிமாறன் முதலாவது. அருள் மூன்று புள்ளி பின்னால். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, யாரும் சீந்தாத ஒரு தடுப்பாட்டக்காரனைக் கேப்டனாக மாற்றிவைத்திருக்கிறான் அண்ணன். கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பு. அந்த ஆள் ரெண்டு கோல் அடித்திருக்கிறான்.

"படுபாவி!" அருள் சாம்பலைப் பார்த்துக் கத்தினான். "செத்தும் வுடல பாரு, படுபாவி!"

கையிலிருந்த பால் பாதி அவன் காலிலேயே கொட்டியது.

கருமாதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க எவர்சில்வர் டப்பாக்கள் வாங்கி, கடைவீதியில் பேர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோனான். எல்லாவற்றிலும் 'மணிமாறன் நினைவாக' என்று வெட்டி முடித்த அவர், கடைசியாக அண்ணி கொடுத்தனுப்பிய சொம்பைக் கையில் எடுத்தார்.

"இதுலயும் நினைவாகதானே சார்?"

"நினைவாவும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது!" பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஜெயிச்சிருக்கான்யா அவன். மேல ஆறு தபா இருக்குது பாரு. அதே மாதிரி பேரும் வருஷமும் மட்டும் போடு."

அவர் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டுடலாம் சார். ஆனா அதுக்குக் கீழ இன்னும் ஒரு பேருக்குத்தான் எடம் இருக்கும்."

"அத்த அப்படியே வுடு. அடுத்த வருஷம் எனக்கு வேணும்" என்றான் அருள்.

மெஷின் உறுமியது. ஊசி இறங்கி 'ம' போட ஆரம்பித்தது.