விக்னேஷுக்கு வந்த தலைமைக் குணம்

பரீட்சை என்று வந்துவிட்டால் மார்க்கை அள்ள வேண்டும். திருச்சி கோச்சிங் சென்டரிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த விக்னேஷுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். இப்போது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் படிக்க வந்த இடத்தில், கட்டுமான மேலாண்மை வகுப்பில், "உங்கள் பலம் என்னவென்று அறிய ஒரு சோதனை, இதில் சரி தப்பு கிடையாது" என்று ஆசிரியை சொன்னதை அவன் நம்பவே இல்லை. சரி தப்பு இல்லாத பரீட்சை உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்! 'பலர் முன்னால் பேசப் பிடிக்குமா?' என்ற கேள்விக்கு 'மிகவும்' என்று தட்டினான். 'முன்னின்று நடத்துவீர்களா?' என்றதற்கு 'எப்போதும்'.

வந்தது வினை. அவனுடைய முதல் பலம் தலைமையாம். அதை வைத்தே ஆசிரியை குழுவில் வேலைகளைப் பிரித்துவிட்டார். நகரின் பென்ரோஸ் பகுதியில் எழும்பப்போகும் ஒரு கிடங்கின் திட்டத்தை வியாழக்கிழமை ஒப்பந்ததாரர் முன்னால் விளக்க வேண்டியவன் விக்னேஷ். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் விக்னேஷ்! தேறாவிட்டால் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். விசா அதுவரை தாங்காது.

வேலை அட்டவணை அதே குழுவிலிருந்த கம்சாயினியின் பொறுப்பு. ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸ் பகுதியில் வளர்ந்த யாழ்ப்பாணத்து வீட்டுப் பெண். அவளுக்கு வந்த பலம் நுணுக்கம். புதன்கிழமை, தான் தங்கியிருந்த பாபகூராவிலிருந்து ரயிலில் வரும்போது அந்த அட்டவணையைத் திறந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் தரைக்குக் கான்கிரீட். அதற்கடுத்த வாரம், தரைக்கு அடியில் போகவேண்டிய கழிவுநீர்க் குழாய்!

நூலகத்தில் அவளைப் பிடித்தான்.

"கம்சாயினி, கோவிச்சுக்காதீங்க. கான்கிரீட்டைப் போட்டுட்டு, அப்புறம் அதை உடைச்சுக் குழாய் வைப்பாங்களா?"

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயோ! எனக்கு உந்த அட்டவணையைப் பார்த்தாலே தலை சுத்துது."

"நுணுக்கம்னு வந்துச்சே?"

"அது பொய். அதிகாரம் பண்ணுறன் எண்டு போன வருசக் குழுவில ஒருத்தரும் என்னோட கதைக்கேல்ல. அதான் இந்த முறை அடக்கமான பிள்ளை மாதிரிப் பதில் சொன்னனான்."

விக்னேஷ் தன் வண்டவாளத்தையும் அப்படியே கொட்டினான். அவள் சிரித்த சிரிப்பில் நூலகமே திரும்பிப் பார்த்தது.

"அப்ப நாளைக்கு நான் கதைக்கட்டே?"

"தாராளமா! அட்டவணையை என்கிட்ட தள்ளிடுங்க."

விஷயத்தைக் கேட்ட ஆசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார். வேலையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சோதனையை இருவரும் மறுபடி ஒழுங்காக எழுத வேண்டும் என்றார்.

வியாழக்கிழமை கம்சாயினி வெளுத்துவாங்கினாள். ஒப்பந்ததாரர் கேட்டது ஒரே கேள்விதான்: மழையில் குழாய்ப் பள்ளம் நிரம்பினால் என்ன செய்வீர்கள்? அவள் சட்டென்று விக்னேஷைக் கைகாட்டினாள். "அதற்கென்று கான்கிரீட்டுக்கு முன்னால் சில நாள் விட்டுவைத்திருக்கிறோம்" என்றான். நாக்கு ஒட்டவில்லை. ஒப்பந்ததாரர் தலையாட்டினார். தேறிவிட்டார்கள். அப்பாடா!

திரும்பும் ரயிலில் ஃபோனில் அதே சோதனையைத் திறந்தான். 'பலர் முன்னால் பேசப் பிடிக்குமா?' இந்த முறை மார்க்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. 'இல்லவே இல்லை' என்று தட்டினான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

கம்சாயினியிடமிருந்து செய்தி வந்தது: "எனக்குத் தலைமை வந்திருக்கு. நாளைக்கு எட்டரைக்கு வகுப்புக்கு வாரும், பிந்த வேண்டாம்."

"சரிங்க" என்று எழுதிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினான்.