கரண்ட் போகாத ஊர்

எண்பத்தைந்தில் அமெரிக்காவின் சான்டா கிளாராவில் தெலுங்குக்காரர்களுக்கு இரண்டு சங்கம் இருந்தது. சினிமாவில் ராஜா வேஷம் போட்டே ஆந்திர முதலமைச்சராகிவிட்ட வீரபத்ர ராவ் வருகிறார், மேயரும் வருவதால் இங்கிலீஷில் பேசவேண்டும். பேச்சை ஒரு சங்கம் எழுதினால் மற்றது கூட்டத்துக்கே வராது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாட்டம், இரண்டிலும் சேராத தமிழ் இஞ்சினியர் பசுபதிக்கு. எழுதும் வேலை அவருக்கு வந்தது.

அவர் முறுக்கு கடித்துக்கொண்டே எழுதியதை மனைவி விசாலாக்ஷி பக்கத்திலிருந்து பார்த்தாள். ஹைதராபாத்தில் இனி கரண்ட் போகாது. கேட்ட மறுநாளே டெலிபோன். திரும்பி வருகிறவர்களுக்குத் தொழிற்சாலை கட்ட இலவச நிலம்.

"இதெல்லாம் நிஜமாங்க?"

"யாருக்குத் தெரியும்? கேக்க நல்லாருக்குல்ல?"

கூட்டத்தன்று ராவ் அதைப் பேசினார். பேச்சா அது! மண்டபமே அதிர்ந்தது. கடைசியில் இரண்டு கையையும் விரித்து, "தாய்மண் அழைக்கிறது, யார் வருகிறீர்கள்?" என்றார். விசில் பறந்தது. ஆனால் எழுந்து நின்று கையைத் தூக்கியவர் ஒரே ஒருவர்தான். பசுபதி. கண்ணில் தாரை தாரையாக நீர்.

"உக்காருங்க சார்," என்றார் பக்கத்து சீட் தெலுங்குக்காரர், தெரிந்த தமிழில். "அவர் எல்லாப் படத்துலயும் கடைசில இப்படித்தான் கேப்பார். நாங்க கை தட்டிட்டு வீட்டுக்குப் போவோம்."

காரில் ஏறியதும் பசுபதி சொன்னார்: "விசாலம், திங்கக்கிழமை ரிசைன் பண்றேன். வீட்டை வித்துட்டு ஹைதராபாத்துக்கே போயிடலாம்."

விசாலாக்ஷிக்கு நாயாய் அலைந்து இப்போதுதான் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருந்தது. "அது நீங்க எழுதினதுங்க! நம்ம டைனிங் டேபிள்ல!"

"எழுதறப்போ எனக்கே புரியலை. அவர் சொன்னப்புறம்தான் புரிஞ்சுது."

இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் முதலமைச்சருக்குக் கொடுத்த விருந்தில், கணவரையும் இழுத்துக்கொண்டு நேரே ராவிடமே போனாள். கோடம்பாக்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"சார், நீங்களே சொல்லுங்க. ஹைதராபாத்துல நிஜமாவே கரண்ட் போகாதா?"

ராவ் கண்ணை மூடிக் கைகூப்பினார். "என்னம்மா என்னைக் கேக்கறீங்க? எழுதினவர் உங்க வீட்டுக்காரர். அமெரிக்கால இவ்வளவு பெரிய இஞ்சினியர், விசாரிக்காம எழுதுவாரா? எனக்கே நேத்து படிச்சப்பதான் தெரியும். உடனே போன் பண்ணி, ஊர்லயும் அறிவிக்கச் சொல்லிட்டேன்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. எல்லாம் கற்பனை என்று புரிய இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

பசுபதியின் முகம் ஜொலித்தது. "கேட்டியா விசாலம்? கவர்ன்மென்ட்டே அறிவிச்சாச்சு!"