மடுவாயில் கட்டிய துணி

அயிரைக் குழம்பு என்றால் எனக்கு உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீனைப் பார்த்துக் கண்ணீர் விடுகிற ஆள் நான் இல்லை.

எங்கள் ஓடையில் சித்திரை வெயிலிலும் வற்றாத இடம் அய்யனார் கோயிலுக்குக் கீழே உள்ள மடு ஒன்றுதான். கோடையில் அயிரை அத்தனையும் அந்த மணலில் ஒதுங்கிக் கிடக்கும். மழை பெய்தால் அங்கிருந்துதான் திருச்சுழிப் பக்கம் வரை பரவும். இந்த வருஷம் ஓடையைத் தூர்வார ஊர்க்குழு கூடியபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மேலே பொக்லைன் வெட்டினால் ஊற்றுத்தண்ணீர் கலங்கி மடுவுக்குள் இறங்கும். மடுவாயில் துணித்தடுப்பு கட்டாமல் வேலை தொடங்கக் கூடாது.

குழுத்தலைவர் ஆண்டிச்சாமி சிரித்தார். "ஏந் தாயி, மீனு என்ன குளிக்கவா போகுது, மறைப்புக் கட்டச் சொல்ற?"

"சகதி செவுள்ல அடைச்சா மூச்சு முட்டி மேல வந்துரும் அண்ணாச்சி. அம்புட்டும் செத்துப்போகும். அடுத்த வருசம் கொழம்புக்கு எங்க போவீக?"

பொக்லைன் ஓட்டுவது என் வீட்டுக்காரர் அழகுராஜாதான். அவர் எழுந்து, "தடுப்புக்கு நானாச்சு" என்றார். ஊர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அருப்புக்கோட்டை விசைத்தறியில் கழித்துப்போட்ட துணியை வாங்கி வந்து இருவரும் சேர்ந்து தைத்தோம். ஓரத்தில் கயிறு கோத்து, இரு கரையிலும் கருவேல மரத்தில் அவர்தான் முடிச்சுப் போட்டார். அடியில் மண்மூட்டை அடுக்கினோம். வேலை தொடங்கியதும் போய்ப் பார்த்தேன். துணிக்கு மேலே தண்ணீர் மஞ்சள் குழம்பாக நின்றது. கீழே மடுவில் மணல் தெரிந்தது.

நேற்று பாலவனத்தத்தில் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. வேலை கிடக்கிறதே என்று தயங்கினேன். "போயி இருந்துட்டு நிதானமா வா" என்று அவரே பஸ் ஏற்றிவிட்டார். பொழுது சாய வீடு திரும்பினால், ஒரு வாளி நிறைய உயிர் அயிரையோடு நிற்கிறார்.

"டவுனு மார்க்கெட்டுல கெடைச்சுச்சு. உனக்குப் புடிக்குமேன்னு வாங்கியாந்தேன்."

உருகிப்போனேன். அயிரையைச் சமைப்பதற்கு முன் உப்புத்தண்ணீரில் விட்டால் வயிற்று மண்ணைக் கக்கிவிடும். மணலில் கிடந்த மீன் கொஞ்சமாகக் கக்கும். இரண்டு அலசலில் தண்ணீர் தெளியும். இது மஞ்சளாகக் கக்கியது. தண்ணீரை மாற்றினேன். மறுபடியும் மஞ்சள். இந்தக் கரிசல் காட்டில் மஞ்சள் சவுட்டு மண் கிளம்புவது பொக்லைன் வெட்டுகிற இடத்தில் மட்டும்தான்.

"எந்த மார்க்கெட்டுங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தண்ணி வேகத்துல துணி கிழிஞ்சுபோச்சு, தங்கம். நீ சொன்னது சரிதான். கலங்குனதும் எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடந்துச்சு. சாகப்போறதத்தான அள்ளுனோம்."

"அள்ளுனோமா? கூட யாரு?"

"ஆண்டிச்சாமி அண்ணாச்சி."

மேல வந்துரும் என்று அந்த இருவருக்கும் சொல்லிக்கொடுத்தது நானேதான். என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனாலும் துணி கிழிவது நடக்கக்கூடியதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மீன்களைக் கொல்லைத் தொட்டியில் விடப் போனேன். அங்கே நின்ற அவருடைய மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திறந்தேன். தடுப்புத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

முற்றத்தில் விரித்து ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கிழிசல் இல்லை. கயிறும் எங்கேயும் அறவில்லை. தான் போட்ட முடிச்சுகளைத் தானே நிதானமாக அவிழ்த்திருக்கிறார், நான் பஸ் ஏறிப் போகும்வரை காத்திருந்து.

கிழிந்திருந்தால் ராத்திரி முழுக்கத் திட்டிவிட்டுக் காலையில் சோறு போட்டிருப்பேன்.

"தங்கம், புளி ஊறப்போட்டியா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

துணியை மறுபடி மடித்து எடுத்துப்போய், அவர் முன்னால் இருந்த வெறும் தட்டில் வைத்தேன்.